அஞ்சு பேர் போதுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

யூசபிலிட்டி டெஸ்டிங், அதாவது ஒரு பொருளை ஆளுங்க கையில கொடுத்து எங்க தடுமாறுறாங்கன்னு பார்க்கிறது பத்திப் போன தடவை பேசினதுக்கு ஒரு நேயர் கேட்டிருக்காரு: “எங்க ஆப்பை லட்சம் பேர் பயன்படுத்துறாங்க. அஞ்சு பேரை வச்சு டெஸ்ட் பண்ணா எப்படிங்க போதும்?” இந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன்.

அஞ்சு பேர் போதும்ங்கிற இந்தக் கணக்கு 1993-ல ஜேக்கப் நீல்சன், தாமஸ் லாண்டாவர்னு ரெண்டு ஆய்வாளர்கள் போட்டது. அவங்க பார்த்த ஆய்வுகள்ல, ஒருத்தரை உட்கார வச்சா சராசரியா 31 சதவீதப் பிரச்சினை வெளிய வந்துச்சு. ரெண்டாவது ஆள் கொஞ்சம் பழசையே காட்டுவாரு, புதுசையும் காட்டுவாரு. அப்படியே போனா அஞ்சாவது ஆள்ல கிட்டத்தட்ட 85 சதவீதம் வந்துடும். ஆனா அந்த 31 வெறும் சராசரிங்க. பத்துப் பேர்ல ஒருத்தருக்கு மட்டும் வர்ற சிக்கலா இருந்தா, அஞ்சு பேர்ல அது தலைகாட்ட வாய்ப்பு 41 சதவீதம்தான். அதனாலதான் 15 பேருக்குப் பணம் இருந்தா ஒரே மூச்சா வைக்காதீங்க, அஞ்சு அஞ்சா மூணு சுத்து வைங்கன்னு சொல்றது. நடுவுல திருத்தணும். திருத்தினதுல புதுச் சிக்கல் முளைக்கும், அதையும் பிடிக்கணும்.

ஆனா எத்தனை பேருங்கிறதை விட, அவங்களை என்ன பண்ணச் சொல்றீங்கங்கிறதுதான் முக்கியம். நம்ம பழைய பாட்டுத்தான்: கருத்துக் கேட்காதீங்க, கையில கொடுத்துப் பாருங்க.

ஏன்னு ஒரு உதாரணம் சொல்றேன். 2000-ம் வருஷ அமெரிக்க அதிபர் தேர்தல். ஃபுளோரிடா மாநிலத்துல பாம் பீச் கவுன்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி). அங்க பேருக்கு நேரா சீட்டுல துளை குத்தி ஓட்டுப் போடணும். வயசானவங்க படிக்கணும்னு நல்ல எண்ணத்துலதான் வாக்குச்சீட்டுல எழுத்தைப் பெருசாக்கினாங்க. பேரெல்லாம் ஒரு பக்கத்துல அடங்கல. இடப்பக்கம் பாதி, வலப்பக்கம் பாதி, குத்த வேண்டிய துளையெல்லாம் நடுவுல ஒரே வரிசை. இடப்பக்கம் ரெண்டாவது பேர் அல் கோர், ஆனா அவருக்கு மூணாவது துளை. ரெண்டாவது துளை வலப்பக்கத்து முதல் பேரான புக்கானனுக்கு! ரெண்டு பேருக்குக் குத்திச் செல்லாமப் போன சீட்டு மட்டும் 19 ஆயிரத்துக்கும் மேல. கோரை எதிர்த்து நின்ன புஷ் மாநிலத்தையே ஜெயிச்சது 537 ஓட்டுல.

மாதிரிச் சீட்டு முன்னாடியே வாக்காளர்களுக்குப் போயிருந்துச்சு. பார்க்கிறதுக்கு அது ஒழுங்காத்தான் இருந்துச்சு. குத்தும்போதுதான் கை தடுமாறும்.

இதுல இன்னொரு பாடமும் இருக்கு. அப்படி ரெண்டு பேருக்குக் குத்திச் செல்லாமப் போன சீட்டு நூத்துக்குச் சுமார் நாலு. அஞ்சு பேரை வச்சிருந்தா அந்தத் தப்பு கண்ணுல பட 20 சதவீதம்கூட வாய்ப்பில்ல. ஆனா சரியாக் குத்தினவங்கள்லயும் எத்தனையோ பேர் ஒரு நொடி தயங்கியிருப்பாங்க, பேருக்கும் துளைக்கும் நடுவுல விரலை வச்சு அளந்திருப்பாங்க. அந்தத் தயக்கத்தைத்தான் நீங்க குறிச்சுக்கணும். முடிச்சாரா இல்லையான்னு டிக் மட்டும் போட்டா அது தப்பிச்சுடும்.

அதனால வேலையை எப்படிக் கொடுக்கணும்? டிக்கெட் ஆப்னு வைங்க. “‘முன்பதிவு’ பட்டனை அழுத்துங்க”ன்னு சொன்னா, அவரு அந்த வார்த்தையைத் தேடிப் பிடிப்பாரு, அவ்வளவுதான். “வெள்ளிக்கிழமை ராத்திரி நீங்களும் அம்மாவும் மதுரைக்குப் போகணும், அம்மாவுக்குக் கீழ் பெர்த் வேணும்”னு சொல்லுங்க. ஸ்கிரீன்ல இருக்கிற வார்த்தை உங்க வாயில வரவே கூடாது. மனசுல ஓடுறதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே பண்ணச் சொல்லுங்க. “இதை அழுத்தவா சார்?”னு கேட்டா, “நான் பக்கத்துல இல்லன்னா என்ன பண்ணுவீங்க?”னு திருப்பிக் கேளுங்க. பெரும்பாலான டெஸ்ட் கெட்டுப்போறது இந்த இடத்துலதான், டிசைன் பண்ணவருக்கு மனசு கேட்காது, விரலை நீட்டிடுவாரு. அதனால அவரைப் பக்கத்துல உட்கார வைக்காதீங்க, வேற ரூம்ல இருந்து பார்க்கட்டும். குறிப்பெடுக்கத் தனியா ஒரு ஆள். அவரு ‘குழம்பினார்’னு எழுதக் கூடாது, ‘மூணு தடவை பின்னாடி போனார்’னு எழுதணும்.

அப்புறம், உங்க ஆப்ல விற்கிறவங்க வேற, வாங்குறவங்க வேறன்னா அஞ்சு பேரை ரெண்டாப் பங்கு போடாதீங்க. ரெண்டு பேரும் செய்யிற வேலையே வேற, ஆளும் தனித்தனியாத்தான் வேணும்.