மூணே மூணு பாயிண்ட் வாங்கின பாட்டு

வணக்கம் மக்களே, ஃபேன் சத்தம் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கோங்க, ஆஃப் பண்ணா வேர்த்து ஊத்துது. யூரோவிஷன்னு, அதான் ஐரோப்பிய நாடுங்க வருஷா வருஷம் மோதுற பாட்டுப் போட்டி, அத சொன்னாலே எல்லாரும் ஸ்வீடன் பாப் குழு ஆபா ஆபான்றீங்க, 1974ல இங்கிலாந்துல பிரைட்டன்ல அவங்க ஜெயிச்ச அதே மேடையில கடைசி இடம் வாங்கின ஒரு பாட்டு இருக்கு, எனக்கு அது மேல தான் கண்ணு.

போர்ச்சுகல் பாட்டு அது. இவங்க ராசியே அப்படித்தான் போல, 1964ல கோபன்ஹேகன்ல முதமுதல்ல போறாங்க, அன்டோனியோ கல்வாரியோன்னு ஒருத்தர் உருகி உருகிப் பாடுறாரு, கிடைச்சது முட்டை! அறிமுக வருஷமே முட்டை வாங்கின முதல் நாடு. அது போதாதுன்னு நடுவுல ஒருத்தன் மேடையேறி ஃபிராங்கோவையும் சலசாரையும் புறக்கணிங்கன்னு பேனரை விரிச்சுட்டான். ஃபிராங்கோ ஸ்பெயின் சர்வாதிகாரி, சலசார் தான் அப்ப போர்ச்சுகல் சர்வாதிகாரி.

அப்புறமும் பெருசா ஒண்ணும் தேறல. 1967ல அங்கோலால பொறந்த எடுவார்டோ நசிமென்டோ பாடினாரு, 12வது இடம். 1969ல சிமோன் டி ஒலிவேய்ரா, அந்தம்மா குரல் இருக்கே, அப்பா! பதினாறு பேர்ல பதினஞ்சாவது. கடுப்பாகி அடுத்த வருஷம் போகவே இல்ல. 1973ல மாட்டுச் சண்டையப் பத்தின பாட்டுன்னு சொல்லி ஆட்சியையே நக்கல் பண்ணி அனுப்பினாங்க, சென்சாரும் விட்டுருச்சு, இது தான் எனக்கு செம காமெடி.

சரி 1974க்கு வருவோம். பாலோ டி கார்வாலியோ, காதலி பிரிஞ்சு போன சோகப் பாட்டு, மூணே பாயிண்ட், இன்னும் மூணு நாட்டோட சேர்ந்து கடைசி. ஏப்ரல் 6ல இது நடக்குது. ஏப்ரல் 24 ராத்திரி 10.55க்கு லிஸ்பன் ரேடியோல அறிவிப்பாளர் மணிய சொல்லிட்டு இந்தப் பாட்ட போடுறாரு. கேக்குறவனுக்கு அது வழக்கமான ரேடியோ பாட்டு, ஆனா பட்டாளத்து முகாம்ல காதத் தீட்டிட்டு உக்காந்திருந்த ஆஃபீசருங்களுக்கு அது ஆட்சியக் கவுக்க ரெடியாகுங்கன்னு சிக்னல்! காதல் பாட்டு, எவனும் சந்தேகப்பட மாட்டான்ல, அதான் இத எடுத்தாங்க. நடுராத்திரி தாண்டி 12.20க்கு இன்னொரு பாட்டு, அது கெளம்புங்கன்னு அர்த்தம். விடிஞ்சா லிஸ்பன் தெருவுல டாங்கி, அப்புறம் ஜனங்க சிப்பாய்ங்க துப்பாக்கில கார்னேஷன் பூவ சொருகுறாங்க, 48 வருஷ சர்வாதிகாரம் அன்னிக்கு சாயங்காலம் காலி.

யூரோவிஷன் கப்பா? அது 2017ல தான் வந்துச்சு, சல்வடோர் சோப்ரல், 758 பாயிண்ட்.