வெளிநாட்டுல பஸ், ரெயினுக்குக் காசு கட்டுறது எப்பிடி? ஆளுக்கொரு கார்ட் கொண்டு போங்கோ

[திரையில: கொழும்பு காலி வீதி, 101 பஸ், கொண்டக்டர் மிச்சக் காசு எண்ணுறார்]

வணக்கம் எல்லாருக்கும். வெள்ளவத்தையில பஸ் ஏறினா எங்களுக்கு ஒரு யோசினையும் இல்ல, ஏறி இருந்தாப் பிறகு கொண்டக்டர் தானா வருவார், "கோட்டை நாலு" எண்டு ஒரு தாளை நீட்டினா முழுக் குடும்பத்துக்கும் அலுவல் முடிஞ்சுது. அந்தப் பழக்கத்தோடயே போய் சிங்கப்பூரிலயோ லண்டனிலயோ இறங்கினாத்தான் சிக்கல்.

நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர் போனனான். ரெயின் ஸ்டேஷன் வாசல்ல என்ர பாங்க் கார்டைத் தட்டிட்டு நான் உள்ள போயிட்டன், பிறகு அதே கார்டை கதவுக்கு மேலால அம்மாட்ட நீட்டினன், அவ தட்டுறா, சிவப்பு லைட் எரியுது, திரும்பத் தட்டுறா, திரும்பவும் சிவப்பு. "என்னடா தம்பி, திறக்குதில்லையே" எண்டு கைப்பையை நெஞ்சோட பிடிச்சுக்கொண்டு நிக்கிறா, பின்னால சனம் வரிசை. அம்மாட பெயரில ஒரு டெபிட் கார்ட் இருக்கு, என்ர கார்ட் ஒண்டே போதும் எண்டு அதை வீட்டில வச்சிட்டு வந்தது நான்தான். அந்த முகத்தைப் பாத்ததாலதான் இந்த வீடியோ.

ஏன் திறக்கேல்ல? அங்க கார்ட்தான் டிக்கட். உள்ள தட்டின இடத்தையும் வெளிய தட்டின இடத்தையும் பாத்துத்தான் மெஷின் காசு கணக்குப் போடும், அப்ப ஒரு கார்டுக்கு ஒரு ஆள்தான் உள்ள இருக்கலாம். லண்டனிலயும் இதே கதைதான். இன்னொரு விசயம், கார்டை ஃபோனிலயோ வோட்சிலயோ ஏத்தி வச்சிருந்தா அதுக்கு வேற ஒரு நம்பர் விழும். அதனால ஃபோனால தட்டி உள்ள போய் கார்டால தட்டி வெளிய வந்தா மெஷினுக்கு அது ரெண்டு வேற ஆள், ரெண்டுமே முடியாத பயணம், உச்சக் கட்டணம் வெட்டுப்படும். எதால தொடங்கினீங்களோ அதாலயே முடியுங்கோ.

[திரையில: கார்டில நாலு வளைஞ்ச கோடு]

போக முதல், உங்கட விசா, மாஸ்டர் கார்டில இந்த வளைஞ்ச கோடு இருக்கோ எண்டு பாருங்கோ, அதுதான் தட்டிக் காசு கட்டலாம் எண்டதுக்கு அடையாளம். பிறகு பாங்குக்கு அடிச்சு வெளிநாட்டுப் பாவனையைத் திறந்து விடச் சொல்லுங்கோ. கட்டுநாயக்கவுக்கு வெளிக்கிட முதல் வீட்டில இருந்தே செய்யுங்கோ, ஏனெண்டா அங்க போனாப் பிறகு சிம் மாத்தினா ஓடிபி வராது, அதோட போராடவே ஒரு நாள் போயிரும்.

இப்ப சிங்கப்பூர். வெளிநாட்டு கார்ட் எண்டா பாவிக்கிற ஒவ்வொரு நாளுக்கும் 60 சென்ட் கூட எடுப்பினம், ரெண்டு மூண்டு நாளுக்கு அது பெரிய காசில்ல. ஒரு கிழமைக்கு மேல நிக்கிறதெண்டா, இல்லாட்டி வீட்டில ஒரு ஆளுக்கு பாங்க் கார்டே இல்லையெண்டா ஈஸி-லிங்க் கார்ட் வாங்குங்கோ, அது முதலே காசு போட்டு வச்சு பஸ், ரெயினில தட்டுற கார்ட், அம்மாவுக்கும் நாங்கள் அதைத்தான் வாங்கினது. அதை வாங்கக் குடுக்கிற காசில ஒரு பகுதி கார்டுக்கே போயிரும், திரும்பி வராது. பஸ்ஸில இறங்கேக்கையும் கட்டாயம் தட்டுங்கோ, மறந்தா அந்த பஸ் கடைசியாப் போய் நிக்கிற இடம் வரைக்கும் காசு எடுபடும். சில்லறை போட்டும் ஏறலாம், ஆனா மிச்சம் தரமாட்டினம். 90 சென்ரிமீட்டருக்கு உயரம் குறைஞ்ச பிள்ளையள் காசு கட்டுற பெரிய ஆளோட வந்தா இலவசம்.

லண்டன் வேற மாதிரி. 2014 ஜூலையில இருந்து அங்க பஸ்ஸில காசே வாங்கிறேல்ல. ஈஸ்ட்ஹாமில இருக்கிற சொந்தக்காரரைப் பாக்கப் போற எங்கட பெரியாக்கள் பவுண் குத்தியைக் கையில பொத்திக்கொண்டு பஸ்ஸுக்கு நிப்பினம், அவைக்கு இதை முதலே சொல்லி விடுங்கோ, பாவம். அங்க பஸ்ஸில ஏறேக்க மட்டும் மஞ்சள் மெஷினில தட்டினாப் போதும், இறங்கேக்க தேவையில்ல, ஆனா நிலக்கீழ் ரெயினுக்கு ரெண்டு பக்கமும் தட்டோணும். முதல் பஸ்ஸில தட்டி ஒரு மணித்தியாலத்துக்குள்ள வேற பஸ் மாறி ஏறினா திரும்பக் காசு எடுக்காது, அதே கார்டைத் தட்டினாச் சரி. ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல எடுக்கிறேல்ல எண்டு ஒரு எல்லையும் இருக்கு, அதால பாஸ் வாங்கிறதா விடுறதா எண்டு மண்டையைப் போட்டு உடைக்க வேண்டாம். 11 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையளுக்கு பஸ் இலவசம், நிலக்கீழ் ரெயினில ஒரு பெரிய ஆளோட நாலு பிள்ளையள் வரைக்கும் சும்மா போகலாம்.

ஊருக்குத் திரும்பி வந்த உடன கணக்கில இருக்கிற காசைத் துடைச்சு எடுத்திடாதேங்கோ. தட்டின காசு சிலவேளை பிந்தித்தான் வெட்டுப்படும், அந்த நேரம் கணக்கு வெறுமையா இருந்தா அது கடனா நிக்கும், அடுத்தமுறை அதே கார்டோட போய் வாசல்ல தட்டேக்க திரும்பவும் சிவப்பு லைட்தான்.