200க்கு 120: மருத்துவக் கல்லூரிக்கு மாணவர்கள் போடும் மதிப்பெண்

[திரையில்: வார்டில் ஒரு படுக்கை. சுற்றிலும் வெள்ளை அங்கியில் மாணவர்கள். பின்வரிசையில் நிற்பவருக்கு நோயாளி தெரியவில்லை.]

குரல்: மருத்துவ மாணவர்கள் தங்கள் கல்லூரிக்கே மதிப்பெண் போட ஒரு வினாத்தாள் இருக்கிறது. பெயர் ‘ட்ரீம்’. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் உருவாகி 1997இல் வெளிவந்தது. இந்தியா, இலங்கை உட்படப் பல நாடுகளில் இது பயன்படுகிறது.

மொத்தம் 50 வாக்கியங்கள். ‘முழுமையாக ஏற்கிறேன்’ என்றால் 4, ‘அறவே ஏற்கவில்லை’ என்றால் 0. உச்ச மதிப்பெண் 200. கற்பித்தல், ஆசிரியர்கள், படிப்பில் தன்னம்பிக்கை, சூழல், சக மாணவர்களோடான வாழ்க்கை என எல்லாம் வரும். தங்குமிடம் நன்றாக இருக்கிறதா என்றுகூடக் கேட்பார்கள்.

[திரையில்: “ஆசிரியர்கள் மாணவர்களை ஏளனம் செய்கிறார்கள்.”]

குரல்: இதை முழுமையாக ஏற்றால் 4 அல்ல, 0. இப்படித் தலைகீழாகக் கணக்கிட வேண்டியவை ஒன்பது. கூட்டிப் போடுபவர் அதை மறந்துவிட்டால், நோயாளியின் முன்னால் மாணவரைக் கூனிக்குறுக வைக்கும் துறைக்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடும்!

இன்னொரு வேடிக்கை. ‘தேவையானதையெல்லாம் என்னால் மனப்பாடம் செய்ய முடிகிறது’ என்பதை ஏற்றால் மதிப்பெண் கூடும். ‘தகவல்களைத் திணிப்பதே கற்பித்தலில் மிஞ்சி நிற்கிறது’ என்பதை ஏற்றால் குறையும். எனக்கு இது முரணாகப் படுகிறது. ஆனால் முதலாண்டில் நரம்புகளின் பெயர்களை விடிய விடிய உருப்போட்டவர்களைக் கேட்டால் இரண்டையும் ஏற்பார்கள்.

[திரையில்: 120 / 200]

குரல்: 101 முதல் 150 வரை வந்தால் ‘குறையைவிட நிறை அதிகம்’ என்று பொருள். 120 வாங்கிய கல்லூரி நிம்மதியாகக் கோப்பை மூடிவிடும். அங்கேதான் சிக்கல். ‘ஆசிரியர்கள் பாடத்தில் வல்லவர்கள்’ என்ற வாக்கியத்துக்குச் சராசரி 3.5 என்றும், ‘மன அழுத்தத்தில் தவிப்போருக்கு நல்ல ஆதரவு இருக்கிறது’ என்பதற்கு 0.9 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுத்தொகை இரண்டையும் சமன் செய்து, இரண்டாவதை மறைத்துவிடும். தனி வாக்கியத்தின் சராசரி 2 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அதைப் பிரச்சினையாகப் பார்க்க வேண்டும் என்பதே வினாத்தாளின் வழிகாட்டுதல். மொத்தத்தை மட்டும் அறிவிக்கும் கல்லூரியிடம் அந்த 50 சராசரிகளையும் கேளுங்கள்.

படிவத்தை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். அகமதிப்பெண் போடும் துறைத் தலைவரே கையில் கொடுத்து, மேலே பதிவெண்ணும் எழுதச் சொன்னால், ஏளனம் பற்றிய கேள்விக்கு எந்த மாணவர் உண்மையை எழுதுவார்?