எஃப்சி அன்று ஓடும் மீட்டர்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் ஆட்டோவும் பேருந்தும் படுத்தும் பாட்டைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். இந்த விஷயத்தில் எனக்குப் பட்டம் எதுவும் கிடையாது. முப்பத்து நான்கு வருடம் ஒரு கணக்கு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளாமலே ஓய்வு பெற்றுவிட்டேன். அதனால் எங்கே போனாலும் பேருந்து, மின்சார ரயில், ஆட்டோ, எதுவும் இல்லையென்றால் நடை. அந்தத் தகுதி போதும் என்றார்கள், வந்துவிட்டேன்.

2023 தை மாதம், கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து ராத்திரி வண்டி ஏறி, விடியற்காலை நாலு மணிக்குப் பெருங்களத்தூரில் இறங்கினேன். அப்போது கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்திருக்கவில்லை. தெற்கேயிருந்து வருகிறவர்களில் பாதிப் பேர் பெருங்களத்தூரில்தான் இறங்குவோம். தூக்கக் கலக்கம், ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் தேங்காய் உருளும் தாம்பூலப் பை. கால் தரையில் படுவதற்குள் "எங்க சார், எங்க சார்" என்று நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஆதம்பாக்கம் என்றேன்.

"அறுநூறு குடுங்க."

"பகல்லயே முந்நூறுக்கு வர்றாங்களேப்பா."

"அப்ப பகல்ல வாங்க சார்."

இதற்குப் பதில் சொல்ல எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஐந்நூறுக்கு ஒப்புக்கொண்டு ஏறினேன். ஓட்டுநருக்கு ஐம்பது வயது இருக்கும். மீட்டர் இருந்தது, அதன் மேல் ஒரு துண்டு மடித்துப் போட்டிருந்தது. பல்லாவரம் தாண்டும்போது, சும்மா பேச்சுக்கு, "இந்த மீட்டர் ஓடுமா?" என்று கேட்டேன். கொஞ்சம்கூடக் கிண்டல் இல்லாமல் பதில் சொன்னார்: "எஃப்சி அன்னிக்கு ஓடும் சார்."

நேயர்களில் சிலருக்கு விளக்கம் தேவைப்படலாம். எஃப்சி என்பது வண்டி சாலையில் ஓடத் தகுதியானதுதான் என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும் சான்று. ஆட்டோ மீட்டரையும் தராசு, படி மாதிரி குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை எடையளவுக்காரர்கள் சோதித்து முத்திரை வைக்க வேண்டும். மளிகைக் கடைத் தராசுக்கு என்ன சட்டமோ அதேதான் இதற்கும். தராசில் சோதனை நாளன்று மட்டும் நிறுத்து, மற்ற நாளெல்லாம் கையால் தூக்கிப் பார்த்து விலை சொல்லும் கடையை நாம் விட்டு வைப்போமா? ஆட்டோவில் விட்டு வைத்திருக்கிறோம்.

வீட்டுக்குப் போனதும் தூக்கம் வரவில்லை. கணக்குக்காரன் புத்தி, ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரசு நிர்ணயித்த கட்டணம் 2013 ஆகஸ்டில் வந்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். ராத்திரி பதினொன்றிலிருந்து காலை ஐந்து வரை பாதி கூடுதல். பெருங்களத்தூரிலிருந்து என் வீடு 15 கிலோமீட்டர் என்று வையுங்கள். பகலில் 183 ரூபாய், இரவில் 275 ரூபாய். நான் கொடுத்தது 500.

இங்கே நிறுத்தியிருந்தால் ஓட்டுநரைத் திட்டிவிட்டுப் படுத்திருப்பேன். ஆனால் அந்த 275-ஐயே இன்னொரு தடவை பார்க்கத் தோன்றியது. 2013 ஆகஸ்டில் சென்னையில் பெட்ரோல் லிட்டர் எழுபத்துச் சொச்சம். நான் அந்த ஆட்டோவில் உட்கார்ந்திருந்த நாளில் நூறைத் தாண்டியிருந்தது. வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், அரிசி, டயர், இன்சூரன்ஸ் எல்லாம் ஏறியிருந்தது. மாறாதது அந்த 25 ரூபாய் ஒன்றுதான். பாதி ஓட்டுநர்களுக்கு வண்டி சொந்தமும் இல்லை. சவாரி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உரிமையாளருக்கு நாள் வாடகை கட்டியாக வேண்டும். அந்த மனிதர் மீட்டர் போட்டு ஓட்டினால் நேர்மையாளர் என்று பெயர் எடுக்கலாம். வண்டியை ஓட்ட முடியாது.

2013-இல் அந்தக் கட்டணம் வந்த புதிதில் நடந்தது பலருக்கு மறந்திருக்கும். அதற்கு முன்பு 2007-இல் போட்ட கட்டணம், இரண்டு கிலோமீட்டருக்கு 14 ரூபாய், அதற்கு மேல் ஆறு ரூபாய். அப்போதும் யாரும் மீட்டர் போட மாட்டார்கள். புதுக் கட்டணம் வந்ததும் எல்லா ஆட்டோவிலும் மீட்டரைத் திருத்தச் சொன்னார்கள், கட்டண அட்டை கொடுத்தார்கள், சாலையில் நிறுத்திச் சோதித்தார்கள், மீட்டர் போடாத வண்டிகளைப் பறிமுதல் செய்தார்கள். நம்ப மாட்டீர்கள், சில மாதம் சென்னையில் மீட்டர் ஓடியது! நானே மாம்பலத்திலிருந்து மயிலாப்பூருக்கு மீட்டரில் போயிருக்கிறேன். இறங்கும்போது எவ்வளவு என்று கேட்காமல் எண்ணைப் பார்த்துக் காசு கொடுத்தது என் வாழ்க்கையிலேயே அப்போதுதான். ஜிபிஎஸ் பொருத்திய, ரசீது அடிக்கும் மீட்டர்களை அரசே இலவசமாகத் தரும் என்றும் அப்போது அறிவித்தார்கள். அந்த ரசீதை நான் ஒரு தடவைகூடக் கையில் வாங்கவில்லை. சோதனை தளர்ந்தது, எரிபொருள் விலை ஏறியது, கட்டணம் நின்ற இடத்திலேயே நின்றது. அப்புறம், "மீட்டருக்கு மேல இருபது போட்டுக் குடுங்க" என்று ஆரம்பித்தது. பிறகு மீட்டர் என்ற சொல்லே பேச்சிலிருந்து போய்விட்டது.

ஓட்டுநர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. 2025 பிப்ரவரியில் ஆட்டோ சங்கங்கள் தாங்களே ஒரு கட்டணத்தை அறிவித்தன. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 18. கட்டணத்தை நிர்ணயிப்பது எங்கள் வேலை, நீங்களாகச் செய்ய முடியாது என்றது அரசு. சட்டப்படி சரிதான். ஆனால் அந்த வேலையைப் பன்னிரண்டு வருடம் செய்யாமல் இருந்தவர்கள் சொல்லும்போது கேட்கக் கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது. சரி, என் பெருங்களத்தூர் சவாரியைச் சங்கத்தின் கணக்கில் போட்டுப் பார்த்தேன். பகலில் 288. இரவுக் கூடுதலையும் சேர்த்தால் 431. அதாவது சங்கம் கேட்டதை அரசு முழுசாகக் கொடுத்திருந்தால்கூட, நான் கொடுத்ததைவிட எழுபது ரூபாய் குறைவு. கட்டணத்தை உயர்த்தினால் மக்கள் தலையில் சுமை ஏறும் என்று சொல்கிறவர்கள் எந்த ஊர் ஆட்டோவில் போகிறார்களோ தெரியவில்லை.

மும்பையைப் பாருங்கள். அங்கே 2021-இல், 2022-இல், 2025-இல் என்று மூன்று தடவை ஆட்டோ கட்டணத்தை ஏற்றினார்கள். இப்போது முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 26 ரூபாய். பெங்களூரில் 2025 ஆகஸ்டிலிருந்து முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 36. அதே 15 கிலோமீட்டருக்குப் பகல் கட்டணம் மும்பையில் ஏறக்குறைய 257, பெங்களூரில் 270, சென்னையில் 183. காகிதத்தில் பார்த்தால் நம் ஊர்தான் மலிவு. மும்பையில் என் தங்கை இருக்கிறாள். சென்னைக்கு வரும்போதெல்லாம் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டு, மீட்டர் கொடியைக் கீழே தள்ளுவதற்காகக் காத்திருப்பாள். அவளுக்குப் பேரம் பேசத் தெரியாது. அங்கே அதற்குத் தேவை வரவில்லை.

ஆட்டோ கதையை இத்தனை நேரம் சொன்னேன். ஆனால் ஆட்டோக்காரருக்கு அந்த அறுநூறைக் கேட்கும் தைரியம் எங்கிருந்து வந்தது? நாலு மணிக்கு எனக்கு வேறு வழியில்லை என்பது அவருக்குத் தெரியும். அந்த நேரத்தில் நகரப் பேருந்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மெட்ரோ ஐந்து மணிக்குத்தான், அதுவும் விமான நிலையத்தில்தான் தொடங்குகிறது. துண்டுக்கு அடியில் இருக்கும் மீட்டர் தூரத்தை அளக்கும். ஓட்டுநர் மனசுக்குள் ஓடும் மீட்டர், பேருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை அளக்கிறது. பகல் பதினொரு மணிக்கு, பேருந்துகள் வரிசையாக வரும் நிறுத்தத்தில் நின்று கேட்டுப் பாருங்கள், அதே தூரத்துக்கு அதே ஓட்டுநர் எவ்வளவு மரியாதையாக விலை சொல்கிறார் என்று. மழை வந்தால், இரவானால், பேருந்து குறைந்தால், விலை தானாக ஏறும். போனில் ஆட்டோ கூப்பிடும் செயலிக்காரர்கள் இதற்கு ஒரு ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நகரப் பேருந்துக்கு வருகிறேன். சென்னைப் பெருநகரில் ஒரு கோடிக்கு மேல் மக்கள். மாநகர் போக்குவரத்துக் கழகத்திடம் இருப்பவை மூவாயிரத்துச் சொச்சம் பேருந்துகள். லட்சம் பேருக்கு 60 பேருந்து இருந்தால் முதல் தரமான சேவை என்பது மத்திய நகர்ப்புற அமைச்சகத்தின் அளவுகோல். அந்தக் கணக்குப்படி ஆறாயிரம் வேண்டும். பாதிதான் இருக்கிறது. புது மின்சாரப் பேருந்துகள் வருகின்றன, தாழ்தளப் பேருந்துகள் வருகின்றன, எல்லாம் சந்தோஷம். பழையவை கழிவதற்கும் புதியவை சேர்வதற்கும் நடுவில் மொத்த எண்ணிக்கை அங்கேயே சுற்றுகிறது.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மிக நல்ல திட்டம் என்பது என் கருத்து. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கு அதனால் மாதம் ஒரு சிலிண்டர் காசு மிச்சம். அவர் என்னிடம் சொன்னது: "காசு மிச்சம்தான் சார், நேரம்தான் போவுது. சொகுசு வண்டி ரெண்டு போச்சுன்னா நம்ம வண்டி ஒண்ணு வருது." அவர் நிற்கும் நிறுத்தத்தில் ஷேர் ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடிக்கும். வேலைக்கு நேரமாகிவிட்டால் அதில் ஏறி இருபது ரூபாய் கொடுப்பார். பயணம் இலவசம், ஆனால் அவசரம் வந்தால் காசு. அந்த ஷேர் ஆட்டோவும், வண்டியைப் பேசி அமர்த்திப் போவதற்கான அனுமதியை வைத்துக்கொண்டு பேருந்து மாதிரி ஆள் ஏற்றி இறக்கும் வண்டிதான். சட்டத்தில் அதற்கு இடம் இல்லை. ஊரில் அது இல்லாமல் வேலை நடக்கவும் இல்லை. ஒரே ஒரு நாள் அத்தனை ஷேர் ஆட்டோவையும் நிறுத்திவிட்டால் எத்தனை பேர் வேலைக்குப் போய்ச் சேர மாட்டார்கள் என்று பார்க்கலாம்.

பெருங்களத்தூர்க் காட்சி இப்போது இன்னும் சில கிலோமீட்டர் தெற்கே நகர்ந்துவிட்டது. 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தது. 88 ஏக்கர், நல்ல கட்டடம், சுத்தமான கழிப்பறை. குறை சொல்லக் கூடாது. ஆனால் திறந்த அன்று எதிரே ரயில் நிலையம் இல்லை, மெட்ரோவும் இல்லை. 2024 பிப்ரவரியில் நள்ளிரவில் ஊருக்குப் போகப் பேருந்து கிடைக்காமல் பயணிகள் ஜிஎஸ்டி சாலையில் மறியல் செய்தார்கள். வீட்டில் சமையலறை கட்டி முடித்துக் கிருகப்பிரவேசமும் செய்துவிட்டு, குழாய்க்கு அப்புறம் மனு போட்ட மாதிரி. கோயம்பேட்டில் 2002-இல் நிலையம் திறந்தபோதும் ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டார்கள் என்றுதான் எல்லாரும் புலம்பினோம். மெட்ரோ அங்கே வர 2015 ஆயிற்று. பதிமூன்று வருடம்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்க்க ஓர் அமைப்பு உண்டு. பேருந்து, ரயில், மெட்ரோ எல்லாவற்றையும் ஒரே திட்டத்தில் கொண்டுவர, ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் என்று கும்டாவை உண்டாக்கினார்கள். சட்டம் 2010-இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 2019. முதலமைச்சர் தலைமையில் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பர். சென்னைப் பேருந்து நிறுத்தத்தில் நின்று பழகியவர்களுக்கு இது பெரிய தாமதமாகத் தோன்றாது. 2025 செப்டம்பரில் சென்னை ஒன் என்று ஒரு செயலி வந்து, ஒரே பயணச்சீட்டில் பேருந்து, மின்சார ரயில், மெட்ரோ மூன்றிலும் போகலாம் என்கிறார்கள். என் மருமகள் அதில்தான் வேலைக்குப் போகிறாள். எனக்கு எழுத்து பொடியாகத் தெரிகிறது, ஆனால் பழகிக்கொள்வேன்.

எங்கள் பக்கத்தில் தூண்மேல் ஓடும் பறக்கும் ரயிலைச் சொல்லாமல் விட்டால் தெருக்காரர்கள் என்னை விட மாட்டார்கள். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு 5 கிலோமீட்டர் நீட்டிப்பு, 2008-இல் தொடங்கியது. ஆதம்பாக்கம், தில்லை கங்கா நகர் பக்கம் நிலம் எடுப்பதில் வழக்கு. அரைக் கிலோமீட்டர் இணையாமல் நின்றது. வேலை ஆரம்பித்தபோது எங்கள் தெருவில் தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளை, அந்த வெறும் தூண்களைப் பார்த்துக்கொண்டே வளர்ந்து கல்லூரிக்கே போய்விட்டான். அதுவரையிலும் அதில் ஒரு ரயில்கூடப் பயணியோடு ஓடவில்லை.

செயலி ஆட்டோ வந்தபோது, அப்பாடா பேரம் ஒழிந்தது என்று நினைத்தேன். கொஞ்ச நாள் ஒழிந்தும் இருந்தது. இப்போது பெரிய செயலிகள் பலவும் தங்கள் முறையை மாற்றிக்கொண்டு, ஓட்டுநரிடம் தினக் கட்டணம் மட்டும் வாங்கிக்கொள்கின்றன. சவாரிக் காசு உங்களுக்கும் அவருக்கும் இடையில். வண்டி புக் ஆனதும் போன் வரும். "டிராப் எங்க சார்? ஆப்ல எவ்ளோ காட்டுது? மேல ஐம்பது குடுத்துடுங்க." முடியாது என்றால், "நீங்களே கேன்சல் பண்ணிடுங்க." அவர் ரத்து செய்தால் அவர் கணக்கில் கறுப்புப் புள்ளியாம். பழைய ஸ்டாண்டில் முகத்தைப் பார்த்துப் பேரம் பேசுவோம், சில சமயம் சிரிப்பும் வரும். இதில் முகமும் இல்லை.

இன்று காலை இங்கே வருவதற்காக வீட்டுப் பக்கத்து நிறுத்தத்தில் நின்றேன். இருபது நிமிடம் ஆகியும் பேருந்தைக் காணோம். ஓர் ஆட்டோ வந்து நின்றது. எவ்வளவு என்று கேட்டேன். ஓட்டுநர் உடனே சொல்லவில்லை. தலையை வெளியே நீட்டிச் சாலையின் கோடிவரை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் "இருநூத்தம்பது" என்றார். நான் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். அந்த நேரம் திருப்பத்தில் ஒரு பேருந்தின் முகம் தெரிந்தது. எனக்குக் கண்ணாடி இல்லாமல் எண் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது போல.

"சரி, நூத்தம்பது குடுங்க சார்" என்றார்.