விறைத்துப்போன ஃபெல்ட் ஸ்கார்ஃபை மீட்பது எப்படி?

[காட்சி: மேசை விளிம்பில் பாதி வெளியே நீட்டி வைத்த சாம்பல் நிற ஸ்கார்ஃப். அதன் நுனி கீழே சரியாமல் ஒரு சாண் தூரம் நேராக நிற்கிறது.]

வணக்கம். மெரினோ கம்பளியைச் சோப்பு நீரில் நனைத்து, தேய்த்து, உருட்டி நீங்களே செய்த ஃபெல்ட் ஸ்கார்ஃப், காய்ந்த பிறகு கழுத்தில் படியாமல் இப்படி விறைத்து நிற்கிறதா? அதை மூலையில் போட்டுவிட வேண்டாம். பெரும்பாலும் அதை அணியத்தக்க நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் விறைப்பு எதனால் வந்தது என்று பார்க்காமல் கைக்குக் கிடைத்த வைத்தியத்தையெல்லாம் செய்துபார்த்தால் நிலைமை மோசமாகும். ஆகவே காரணத்திலிருந்து தொடங்குவோம்.

[காட்சி: உருப்பெருக்கிய கம்பளி இழையின் வரைபடம். செதில்கள் ஒரே திசையில் சாய்ந்திருக்கின்றன.]

கம்பளி இழையின் மேற்புறத்தை நுண்ணிய செதில்கள் மூடியிருக்கின்றன. அவை அனைத்தும் வேரிலிருந்து நுனியை நோக்கிச் சாய்ந்தவை. வெந்நீரிலும் சோப்பிலும் ஊறி இளகிய இழையைத் தேய்க்கும்போது அது தன் வேர்ப்பக்கமாக மட்டுமே நகர்கிறது. பின்னோக்கி வர முயன்றால் செதில்கள் பக்கத்து இழைகளில் மாட்டிக்கொள்கின்றன. சடை விழுந்த தலைமுடியைப் போல இழைகள் ஒன்றோடொன்று இறுகுவதுதான் ஃபெல்ட். இந்த இறுக்கத்தை அவிழ்த்து மீண்டும் பஞ்சாக்க எந்த மருந்தும் கிடையாது. இழைகளுக்கிடையே தங்கியிருக்கும் வேண்டாத பொருளை வெளியேற்றலாம். காயும்போது படிந்துவிட்ட விறைப்பை உடைக்கலாம். இரண்டும் போதாவிட்டால் துணியின் அமைப்பை மாற்றலாம். கத்தரிக்கோலைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும் என்பதால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

[காட்சி: சமையலறைத் தராசின் மேல் மடித்து வைத்த ஸ்கார்ஃப்.]

முதலில் எடை பாருங்கள். 170 சென்டிமீட்டர் நீளமும் 25 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஸ்கார்ஃப் 60 கிராம் இருந்தால், சதுர மீட்டருக்குச் சுமார் 140 கிராம் என்று கணக்கு வரும். அது நன்றாகத் தொங்கக்கூடிய துணி. அதே அளவு ஸ்கார்ஃப் 150 கிராம் இருந்தால் சதுர மீட்டருக்கு 350 கிராமைத் தாண்டிவிடும். அது தொப்பிக்கும் பைக்கும் ஏற்ற கனம். ஒரு தகட்டின் தடிமன் இரட்டிப்பானால், அதை வளைப்பதற்கு வேண்டிய விசை எட்டு மடங்காகும் என்பது இயற்பியல். ஃபெல்ட் சீரான தகடு அல்ல என்றாலும், ஒரு அடுக்குக் கம்பளியைக் கூடுதலாக வைத்ததற்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

இழையின் பருமனையும் கவனியுங்கள். மென்மையான மெரினோ இழையின் விட்டம் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் இருக்கும். 30 மைக்ரானைத் தாண்டிய இழைகள் எளிதில் வளையாமல் தோலைக் குத்தும். கோயம்புத்தூர் ஆடு போன்ற நாட்டினங்களின் முரட்டு ரோமத்தில் செய்த ஸ்கார்ஃப் என்றால், இனி சொல்லப்போகும் முறைகள் ஓரளவுக்கே கைகொடுக்கும்.

[காட்சி: வெள்ளை நிற பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான நீர். ஸ்கார்ஃப் மெதுவாக அமிழ்கிறது.]

அடுத்தது சோப்புச் சோதனை. வெள்ளைத் தொட்டியில் வெதுவெதுப்பான நீரை நிரப்பி, ஸ்கார்ஃபைப் பத்து நிமிடம் ஊறவிட்டு, உள்ளங்கையால் இரண்டு முறை அழுத்திப் பாருங்கள். நீர் பால் நிறமாகக் கலங்கினாலோ, அழுத்திய இடத்தில் நுரை கட்டினாலோ, விறைப்பில் ஒரு பங்காவது சோப்பினால் வந்தது என்று தெரிந்துகொள்ளலாம். என் கணிப்பில் இதுதான் நல்ல செய்தி. சோப்பினால் வந்த விறைப்பு சோப்போடு போய்விடும்.

நம் ஊர்களில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. போர்த் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் மிகுதி. சோப்பு அவற்றோடு சேர்ந்தால் நீரில் கரையாத, பிசுபிசுப்பான படிவு உண்டாகிறது. குளியலறை வாளியின் உட்புறத்தில் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருப்பதும் அதே படிவுதான். அது இழைகளுக்கிடையே தங்கிக் காய்ந்தால், தடவிப் பார்க்கும்போது ஸ்கார்ஃப் மெழுகு பூசியது போலிருக்கும். அதே தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் பெரிய பயன் இராது. கம்பளிக்கென்று விற்கும் மென்மையான திரவ டிடர்ஜென்டைச் சில துளிகள் கலந்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்த பிறகு, முடிந்தால் மழைநீரிலோ ஆர்.ஓ. நீரிலோ அலசுங்கள். அலசுவது என்றால் தேய்ப்பதோ குலுக்குவதோ அல்ல. நீரில் அமிழ்த்தி, அழுத்தி, தூக்கி, நீரை மாற்றுவது மட்டுமே. எல்லா நீரும் ஒரே வெதுவெதுப்பில் இருக்கட்டும். சூடும் தேய்ப்பும் சேர்ந்தால் ஃபெல்ட் மேலும் இறுகும்.

நீர் தெளிந்த பிறகே வினிகருக்கு வாருங்கள். சோப்பு மிகுதியாக இருக்கும்போதே அமிலத்தைச் சேர்த்தால், சோப்பு உடைந்து கொழுப்பு அமிலமாக மாறி இழைகளில் எண்ணெய்ப் பிசுக்காகப் படியும். பலர் அவசரப்பட்டு இந்த இடத்தில்தான் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஒரு லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் போதும். சோப்பு நீர் காரத்தன்மை உடையது. காரத்தில் கம்பளியின் செதில்கள் தூக்கிக்கொண்டு நிற்கும். கம்பளிக்கு ஒத்துவருவது இலேசான அமிலத்தன்மைதான். இருபது நிமிடம் ஊறவைத்து ஒருமுறை நல்ல நீரில் அலசினால் வாடையும் போய்விடும்.

[காட்சி: தொட்டியில் ஹேர் கண்டிஷனர் கரைகிறது.]

இப்போது கண்டிஷனர். தலைமுடியைப் போலவே கம்பளியும் கெரட்டின் என்னும் புரதம்தான் என்பதால் தலைக்குப் போடுகிற கண்டிஷனர் இதற்கும் பொருந்தும். அதிலுள்ள நேர்மின்னூட்டம் கொண்ட மூலக்கூறுகள், எதிர்மின்னூட்டம் கொண்ட இழையின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர இடம் கொடுக்கின்றன. நான்கு லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி கண்டிஷனரைக் கட்டியில்லாமல் கரைத்து, அரை மணி நேரம் ஊறவைத்து, இலேசாக ஒருமுறை அலசுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள், உலர்ந்த துவாலையில் வைத்துச் சுருட்டி, அதன்மேல் கையூன்றி அழுத்தினால் நீர் இறங்கிவிடும்.

[காட்சி: இரு கைகளின் நெருக்கக் காட்சி. ஈரமான ஸ்கார்ஃபை மூலைவாக்கில் இழுக்கின்றன.]

ஈரமாக இருக்கும்போதே இழுக்க வேண்டும். இரண்டு கைகளுக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி விட்டுப் பிடித்து, மூலைவாக்கில் மெதுவாக இழுத்து, மூன்று எண்ணும் வரை நிறுத்தி, விடுங்கள். பிறகு நான்கு விரல் தள்ளிப் பிடித்து மறுபடியும் இழுங்கள். ஸ்கார்ஃப் முழுவதையும் இரண்டு மூலைவாக்கிலும் முடித்த பிறகு அகலவாக்கில் ஒரு சுற்று இழுங்கள். இறுகிய இழைகள் சிறிது விலகி, துணி சற்றே அகன்று மெலிவதை விரல்களாலேயே உணரலாம். அவ்வப்போது வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். எங்காவது வெளிச்சம் ஊடுருவும் மெல்லிய இடம் தென்பட்டால் அங்கே நிறுத்திவிடுங்கள்.

காயவைப்பதிலும் பாதி வேலை இருக்கிறது. கம்பளியைத் தொடாமல் அப்படியே காயவிட்டால், காய்ந்த நிலையிலேயே விறைப்பு படிந்துவிடும். நிழலில் கிடத்தி வைத்து, தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரிந்து கையில் ஈரம் ஒட்டாத பதத்தில் எடுத்து, நாற்காலியின் முதுகு விளிம்பின்மேல் போட்டு, இரு முனைகளையும் பிடித்து முன்னும் பின்னும் பலமுறை இழுங்கள். பிறகு திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் அவ்வாறே செய்யுங்கள். விளிம்பில் மடிந்து மடிந்து நிமிரும்போதுதான் விறைப்பு உடைகிறது. நன்றாகக் காய்ந்த பிறகு நீராவி இஸ்திரிப் பெட்டியைத் துணியில் படாமல் இரண்டு சென்டிமீட்டர் மேலே பிடித்து நீராவி காட்டுங்கள். அழுத்தித் தேய்த்தால் துணி தட்டையாகி மறுபடியும் விறைக்கும்.

தொடுவதற்கு இன்னும் சொரசொரப்பாக இருந்தால், நாய்க்கு ரோமம் வாரும் கம்பிச் சீப்பால் மேற்பரப்பை ஒரே திசையில் இலேசாக வாரலாம். மேலே மெல்லிய பூமயிர் எழுந்து கழுத்துக்கு இதமாக இருக்கும். இதனால் தடிமன் குறையாது.

செய்யக்கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். குளோரின் பிளீச் கம்பளியைக் கரைத்துவிடும். சலவை சோடாவும், புரதத்தைச் சிதைக்கும் நொதி கலந்த சலவைத்தூளும் இழையை அரிக்கும். வாஷிங் மெஷின் பக்கமே போகாதீர்கள்.

[காட்சி: வெட்டும் பாய், உலோக அளவுகோல், கூரிய கத்தி.]

இத்தனைக்குப் பிறகும் ஸ்கார்ஃப் கழுத்தில் படியவில்லை என்றால், அதில் கம்பளியே அதிகம். மெல்லிய பட்டுத் துணியில் சிறிதளவு கம்பளியை ஊடுருவச் செய்து ஃபெல்ட்டாக்கும் நூனோ முறையை 1990-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியக் கலைஞர் பாலி ஸ்டெர்லிங் வளர்த்தெடுத்தார். அந்த வழியில் செய்த துணி மிக இலேசாகத் தொங்கும். ஆனால் இறுகி முடிந்த ஃபெல்ட்டில் பட்டுத் துணியைச் சேர்க்க அந்த முறை உதவாது. ஆகவே வெட்டத்தான் வேண்டும்.

ஃபெல்ட்டில் பாவும் ஊடும் இல்லாததால் வெட்டிய ஓரம் நூல் பிரியாது. ஸ்கார்ஃபின் நீளவாக்கில், ஐந்து சென்டிமீட்டர் நீளமுள்ள கீறல்களை, ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு சென்டிமீட்டர் விட்டு ஒரு வரிசையாக இடுங்கள். அடுத்த வரிசையை அகலவாக்கில் இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வைத்து, முதல் வரிசையில் இடைவெளி விட்ட இடத்துக்கு நேராகக் கீறலின் நடுப்பகுதி வரும்படி வெட்டுங்கள். அகலவாக்கில் இழுத்தால் கீறல்கள் சாய்சதுரங்களாகத் திறந்து, முரண்டு பிடித்த துணி வலையாகித் தொங்கும். முழு ஸ்கார்ஃபிலும் கைவைக்குமுன், ஒரு முனையில் இரண்டு வரிசை மட்டும் வெட்டிக் கழுத்தில் போட்டுப் பாருங்கள். மனம் ஒப்பினால் தொடருங்கள். இல்லையேல் அந்த முனையை மட்டும் வெட்டி நீக்கிவிடலாம். வெட்டி முடித்ததும் விரல் நுனியில் சோப்பு நீரைத் தொட்டு ஒவ்வொரு கீறலின் ஓரத்தையும் சில நொடிகள் வருடிக் கொடுத்தால், வெட்டுத் தடம் மறைந்து ஓரம் உருண்டு வரும். அந்தச் சோப்பையும் மறக்காமல் அலசி, வினிகர் நீரில் ஒருமுறை நனைத்தெடுத்து, நிழலில் கிடத்துங்கள்.