அம்மாவிடம் சொன்ன பொய்

வணக்கம். நடுவில் நீங்கள் "அது போதும், வேறு பக்கம் போங்க" என்று சொன்னாலும் எனக்குக் கேட்கப்போவதில்லை. இப்படி நான் மட்டுமே பேசுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, கேட்பவரே போக்கைத் தீர்மானிக்கிற கதைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன், வேடிக்கைதான்.

ஊடாடும் கதை என்கிறோம். திரையில் கதையின் ஒரு துண்டைப் படிப்பீர்கள், கதை நின்று "இப்போ என்ன செய்யலாம்?" என்று கேட்கும், நீங்கள் தொட்ட பக்கம் போகும். கேட்டவுடனே எழுதிப் பார்க்க ஆசை வரும். எனக்கும் வந்தது. முதல் கதையில் திரும்பிய இடமெல்லாம் ஒரு கிளை போட்டேன். கணக்குப் பார்க்காமல் செய்த வேலை. பத்துக் கட்டங்களில் இரண்டிரண்டு வழி வைத்து, எதையும் மறுபடி சேர்க்காமல் விட்டால் 1,024 முடிவுகள் வரும், எழுத வேண்டிய துண்டுகள் மொத்தம் 2,047, படிப்பவரோ ஒரு தடவைக்கு அதில் 11 துண்டுகளைத்தான் பார்ப்பார். நான் நான்காவது கட்டத்திலேயே ஓய்ந்துபோனேன். படித்துப் பார்த்த தோழி, "ரொம்பச் சின்னக் கதையா இருக்கே" என்றாள்!

சரி, கிளைகளை எங்காவது சேர்த்துத்தான் ஆக வேண்டும். சேர்ப்பதில் இன்னொரு வம்பு இருக்கிறது. 1967-இல் மாண்ட்ரியல் உலகக் கண்காட்சியில், செக்கோஸ்லோவாக்கிய அரங்கில், ரதூஸ் சின்செரா 'கினோஆட்டோமாட்' என்ற படத்தைக் காட்டினார். ஒவ்வொரு இருக்கையிலும் சிவப்பும் பச்சையுமாக இரண்டு பொத்தான்கள். படம் பாதியில் நிற்கும், ஒருவர் மேடைக்கு வந்து கேள்வி கேட்பார், எந்தப் பக்கம் வாக்கு அதிகமோ அந்தப் பக்கம் படம் ஓடும். உள்ளே என்ன நடந்தது தெரியுமா, இரண்டு புரொஜெக்டர்களும் சேர்ந்தே ஓடிக்கொண்டிருந்தன, வேண்டாததன் லென்ஸை மூடிவிடுவார்கள், அவ்வளவுதான். எதற்கு வாக்களித்தாலும் அடுத்த கேள்விக்குள் கதை ஒரே இடத்துக்கு வந்துவிடும், படத்தில் வருகிற கட்டடம் தீப்பிடிப்பதை யாராலும் தடுக்க முடியாது. வாக்களிப்பதையே கேலி செய்கிற படமாகப் பார்த்தால் அந்த ஏமாற்றும் அழகுதான். ஆனால் சாதாரணமாக ஒரு குடும்பக் கதை எழுதிவிட்டு இதையே செய்தால், எப்படி அழுத்தினாலும் வேதாளம் முருங்கை மரத்துக்கே போகிறது என்று படிப்பவர் இரண்டாவது தடவையிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

கதை போகிற பாதை ஒன்றாகவே இருந்துவிட்டுப் போகட்டும், நான் செய்ததை அது ஞாபகம் வைத்திருக்கிறதா என்பதைத்தான் நான் இப்போது பார்க்கிறேன். நாம் ஒன்றைச் செய்து அதன் விளைவைக் கண்ணால் பார்க்கிற அந்த நிறைவைப் பற்றி ஜேனட் மரே என்ற ஆய்வாளர் 1997-இலேயே விரிவாக எழுதிவிட்டார். எனக்கு அது புரிய ஒரு கதை வீணாக வேண்டியிருந்தது.

இரண்டாவது கதைக்குப் பதினான்கே துண்டுகள். இறந்துபோன அப்பாவின் பெட்டியில் மகள் ஒரு கடிதத்தைக் கண்டெடுக்கிறாள். அம்மா சமையலறையிலிருந்து, "ஏதாவது கிடைச்சுதா?" என்கிறாள். ஆமாம் அல்லது இல்லை, எதைச் சொன்னாலும் அடுத்த காட்சி ஒன்றுதான். ஆனால் அந்தப் பதிலை ஒரு மாறியில் போட்டு வைத்திருக்கிறேன். மாறி என்றால் பெயர் ஒட்டிய ஒரு டப்பா, உள்ளே 'பொய்' என்று ஒரு சீட்டு, வேறொன்றுமில்லை. ஐந்து துண்டுகள் தள்ளி அம்மா ஒரே ஒரு வரியை மாற்றிப் பேசுவாள்.

இதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கிறிஸ் கிளைமாஸ் 2009-இல் வெளியிட்ட ட்வைன் என்ற இலவசக் கருவி இருக்கிறது. ஒரு சொல்லை இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட்டால் அது அடுத்த துண்டுக்கு இணைப்பாகிவிடும், திரையில் உங்கள் கதையே கோடும் கட்டமுமாக வரைபடம்போலத் தெரியும், முடித்ததும் ஒரே கோப்பாகச் சேமித்து யாருக்கும் அனுப்பலாம். தமிழிலேயே தட்டச்சு செய்யலாம். அடுத்தவர் கதைகளைப் படித்துக் கற்கவும் நான் அந்த வரைபட வழியைத்தான் வைத்திருக்கிறேன், ஒரு கதையை இரண்டு தடவை எதிரெதிர் வழிகளைத் தொட்டுப் படித்துவிட்டு எங்கே பிரிந்தது, எங்கே சேர்ந்தது, சேர்ந்த பிறகு எந்த வரி மட்டும் மாறியது என்று காகிதத்தில் கோடு போட்டுப் பார்ப்பேன். பல கதைகளில் ஒரு வரிகூட மாறியிருக்காது.

அப்புறம், எழுதியதை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். விளக்கம் சொல்ல நாக்கு துடிக்கும், சொல்லக் கூடாது. அதே தோழியிடம் பெட்டிக் கதையைக் கொடுத்தேன். யோசிக்காமல் 'இல்லை' என்று அழுத்தினாள். ஐந்து துண்டுகள் கழித்து அம்மா, "நீயா சொல்லுவேன்னு நெனச்சேன்" என்றதும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு முதலிலிருந்து ஆரம்பித்து உண்மையைச் சொன்னாள். அந்தப் பக்கத்தில் அம்மாவுக்கு நான் உருப்படியாக எதுவும் எழுதி வைக்கவில்லை. "இவ்வளவுதானா?" என்று திரும்பிப் பார்த்தாள். அதைத்தான் இந்த வாரம் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். வணக்கம்.