பல கை பரிமாறும் ஒரு வயிறு

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

இந்த மாவட்டத்தில் கால்நடை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு மாட்டைப் பற்றிக் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். நாயைப் பற்றிக் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். அதிலும் வயதான நாயின் வயிற்றைப் பற்றித்தான் பேச்சு. "டாக்டர், ஒரு காலத்தில் கல்லைத் தின்றாலும் செரித்துவிடும். இப்போது வாரம் தவறினால் வாந்தி, இல்லையென்றால் வயிற்றோட்டம். எதைக் கொடுத்தால் ஒத்துக்கொள்ளும்?" குலசேகரத்து ரப்பர் தோட்டத்துக்காரரும் இதையே கேட்கிறார், குளச்சல் கடற்கரைக்காரரும் இதையே கேட்கிறார்.

எதைக் கொடுக்கிறீர்கள் என்பதற்கு முன்னால் யார் யார் கொடுக்கிறீர்கள் என்று நான் விசாரிப்பேன். கேட்பவருக்கு அது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

தேரூர்ப் பக்கம் ஒரு வீடு. அங்கே மணி என்றொரு லாப்ரடார், பத்து வயதைத் தாண்டியது. "சோறும் வேகவைத்த கோழியும் தவிர வேறு எதுவும் கொடுப்பதில்லை, சார்" என்று வீட்டுக்காரர் அடித்துச் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் வந்தது. பேரன் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தான். பாதி அவன் வாய்க்கு, பாதி பெஞ்சுக்கு அடியில் காத்திருந்த வாய்க்கு. அடுக்களைப் பின்வாசலில் ஆச்சி ஒரு தட்டைத் தரையில் வைத்தார். மதியக் குழம்பில் கிடந்த மீன் தலை, வழித்தெடுத்த தேங்காய்ச் சாறோடு. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு ஆச்சியே முந்திக்கொண்டார்: "மக்களே, வாயில்லாச் சீவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதை விட்டுவிட்டு நமக்கு மட்டும் எப்படித் தொண்டையில் இறங்கும்?"

இதற்கு மருத்துவப் புத்தகத்தில் பதில் கிடையாது. நான் செய்யச் சொன்னது இவ்வளவுதான்: குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டுங்கள், யார் எதைக் கொடுத்தாலும் அதில் எழுதுங்கள். மறுநாள் இரவுக்குள் தாள் நிறைந்துவிட்டது. காலையில் சட்னியோடு இட்லி, பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு மதில்மேல் வந்த ஏத்தங்காய் சிப்ஸ், மாலையில் பிஸ்கட், இரவில் பரோட்டாத் துண்டு. தட்டில் வைத்த சோறும் கோழியும் அந்தக் கணக்கில் பாதிகூடத் தேறவில்லை.

இருபது கிலோ எடையுள்ள, அதிகம் ஓடியாடாத முதிய நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 800 முதல் 900 கலோரி போதும். இடைத் தீனி இதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது உலகம் முழுவதும் கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. சாதாரண குளுக்கோஸ் பிஸ்கட்டில் 100 கிராமுக்குச் சுமார் 450 கலோரி உண்டு. நான்கைந்து பிஸ்கட்டிலேயே அன்றைய பங்கு தீர்ந்துவிடும். அதில் இருப்பதும் மைதா, சர்க்கரை, எண்ணெய்தான். பேரனுக்கே அதிகம் கொடுக்க வேண்டாம் என்பேன். அது வேறொரு நாள் வானொலி உரை.

பொதுவாக ஏழு வயதிலிருந்தே நாய் முதுமையை நோக்கி நகரத் தொடங்குகிறது. பெரிய உடம்புக்காரர்களான ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார் போன்றவை சீக்கிரம் மூப்படையும். பொமரேனியனும் நம் நாட்டு நாய்களும் சற்றுத் தாமதமாக. பல்லில் காறை ஏறி ஈறு வலிக்கும். மோப்பம் குறையும். எந்தக் கோளாறிலிருந்தும் குடல் மீண்டுவர இளமையில் ஆனதைவிட அதிக நாள் பிடிக்கும். இந்த வயதில் குடல் எதிர்பார்ப்பது நேற்றுப்போலவே இன்றும் இருக்க வேண்டும் என்பதைத்தான். உயர்ந்த உணவாக இருந்தாலும் திடீரென்று மாற்றினால் வயிறு கலங்கும். புதிய உணவுக்கு மாற வேண்டுமென்றால் ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் கால் பங்கு புதியது, முக்கால் பங்கு பழையது, பிறகு சரிபாதி, பிறகு முக்கால். நடுவில் மலம் இளகினால் ஒரு படி பின்னால் போங்கள்.

இனி, வயிறு கெட்டுவிட்ட அன்று என்ன செய்வது? பச்சரிசியை வழக்கத்தைவிடக் கூடுதல் தண்ணீர் விட்டுக் குழைய வேகவையுங்கள். நம் வீட்டுச் சம்பா அரிசி உடம்புக்கு நல்லதுதான், ஆனால் கலங்கிய வயிற்றுக்கு அன்றைக்கு மட்டும் அது வேண்டாம். தோல் உரித்த கோழி நெஞ்சுக்கறியை வெறும் தண்ணீரில் வேகவைத்து, மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, விரலால் நார் நாராகப் பிய்த்துச் சேருங்கள். சோறு இரண்டு பங்கு, கறி ஒரு பங்கு. உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். வெதுவெதுப்பாக இருந்தால் மணம் எழும். மோப்பம் மங்கிய நாய் அதற்கே வாய் வைக்கும். ஒரே வேளையாகப் போடாமல் நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். இரண்டு கரண்டி வெந்த மஞ்சள் பூசணியை மசித்துச் சேர்க்கலாம். அதன் நார்ச்சத்து இளகிய மலத்தையும் கட்டும், இறுகிய மலத்தையும் இளக்கும். குடிநீர் எப்போதும் பக்கத்திலேயே இருக்கட்டும். வயிற்றுக்கு ஓய்வு என்று சொல்லி முதிய நாயை நாள் முழுக்கப் பட்டினி போடாதீர்கள்.

இந்தப் பத்தியச் சோற்றை இரண்டு மூன்று நாளுக்கு மேல் நீட்டிக்க வேண்டாம். அதில் சுண்ணாம்புச் சத்து போதாது, வேறு பல சத்துகளும் போதாது. "இதுதான் ஒத்துக்கொள்கிறது" என்று மாதக் கணக்கில் சோறும் கோழியுமாகவே ஓட்டுகிற வீடுகள் நிறைய. நாயின் தொடைச் சதை வற்றிய பிறகுதான் என்னிடம் வருவார்கள். வீட்டுச் சமையலையே நிரந்தரமாகக் கொடுப்பதானால், எதை எவ்வளவு சேர்ப்பது என்று மருத்துவரிடம் ஒருமுறை கணக்குப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வயதானதால் கறியைக் குறைக்க வேண்டும் என்பதும் தவறான நம்பிக்கை. சிறுநீரகக் கோளாறு இல்லாத முதிய நாய்க்கு நல்ல புரதம் கட்டாயம் தேவை. அது குறைந்தால் சதை கரைந்து எழுந்து நிற்கவே தடுமாறும்.

கோழிக்கடையில் நாய்க்கென்று தனியாகக் கட்டித் தரும் பொட்டலம் ஒன்று உண்டு. கழுத்து, தோல், கால், கொழுப்பு எல்லாம் கலந்தது. விலை மலிவு, நாய்க்கும் கொண்டாட்டம். முதிய நாயின் கணையத்துக்கு அதைவிடப் பெரிய சோதனை வேறு இல்லை. கொழுப்பு மிகுந்த ஒரே ஒரு வேளைச் சாப்பாடுகூடக் கணைய அழற்சியைக் கிளப்பிவிடலாம். முன்னங்காலைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தை உயர்த்தி, கும்பிடுவதுபோல் நாய் நின்றால் வயிற்றில் கடும் வலி என்று புரிந்துகொள்ளுங்கள். வெந்த எலும்பும் ஆகாது. சிராய் சிராயாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

மீனுக்கு வருவோம். மீனைப் பற்றிப் பேசாமல் நம் மாவட்டத்தில் சாப்பாட்டைப் பற்றிப் பேச முடியாது. கோழி ஒத்துக்கொள்ளாத நாய்க்கு மீன் நல்ல மாற்று. கொழுப்பு குறைந்த வெள்ளைச் சதை மீன் ஏதாவது போதும். விளமீன் வீட்டாருக்கே கட்டுப்படியாகவில்லை என்பீர்கள். மலிவாக வரும் பாறை மீனின் சிறு துண்டே போதும். வேகவைத்து முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்துவிடுங்கள். சாளை, நெத்திலி, அயிலை ஆகியவற்றைப் பச்சையாகப் போடாதீர்கள். அவற்றில் உள்ள ஒரு நொதி 'பி1' வைட்டமினை அழித்துவிடும், வேகவைத்தால் அந்த நொதி செயலிழக்கும். கருவாட்டின் உப்பு ஆகவே ஆகாது.

குழம்பு மீனைக் கழுவிக் கொடுத்தால் என்ன என்று ஆச்சி கேட்டார். குழம்பில் அரைத்த சின்ன உள்ளியும் (சின்ன வெங்காயம்) பூண்டும்தான் சிக்கல். பச்சையோ வெந்ததோ, இரண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஒரு நாள் கொஞ்சம் என்றால் வெளியே தெரியாது. தினம் கொஞ்சம் என்று சேர்ந்தால் சோகை பிடிக்கும். ஈறு வெளுத்துப்போன நாயைக் காட்டி, "வயதாகிவிட்டது, படுத்தே கிடக்கிறது" என்பார்கள்.

மரச்சீனியும், அதாவது மரவள்ளிக்கிழங்கும், நம் ஊரில் நாய்த் தட்டுக்கு வரும். மரச்சீனி இலையும் தோலும் தின்ற ஆடுமாடுகள் துடிதுடித்துச் சாவதை இந்த மாவட்டத்தில் கால்நடை மருத்துவர் யாரும் பார்த்திருப்பார்கள். அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. தோல் சீவி, நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்ட கிழங்கில் ஒரு துண்டு கொடுத்தால் கெடுதல் இல்லை. வெறும் மாவுச்சத்துதான், அதையே சாப்பாடாக்கிவிட வேண்டாம்.

இடைத் தீனிக்கு நம்மிடம் எளிய பொருள்கள் நிறைய இருக்கின்றன. மட்டிப் பழத்தில் இரண்டு வில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம்முடைய மட்டி வாழைதான். பிள்ளைகளுக்கு முதன்முதலில் ஊட்டும் பழம் என்பதால் வீட்டில் யாரும் மறுக்கவும் மாட்டார்கள். நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ உள்ள நாய்க்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள். வெந்த கேரட், சீனிக்கிழங்குத் துண்டு, அவித்த முட்டையின் வெள்ளை, சட்னி சாம்பார் தொடாத இட்லியில் ஒரு விள்ளல் எல்லாம் சரி. பாலைவிடத் தயிர் நல்லது. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் சர்க்கரை செரிப்பதில்லை. கடையில் விற்கும் தோலால் செய்த எலும்பு, கல்போன்ற மெல்லுதீனி இரண்டையும் முதிய நாய்க்கு வாங்காதீர்கள். தேய்ந்த பல் உடையும், விழுங்கிய தோல் செரிக்காமல் குடலை அடைக்கும். மாங்கொட்டை, பலாக்கொட்டை இரண்டும் அடைக்கும் பட்டியலில்தான்.

பண்டிகை நாளில்தான் மருத்துவமனையில் கூட்டம். ஓணத்துக்கும் மற்ற விசேஷங்களுக்கும் பாயசத்தில் போடும் உலர்திராட்சை, கிறிஸ்துமஸ் கேக்கில் நிறைந்திருக்கும் அதே உலர்திராட்சை. திராட்சை, காய்ந்ததும் சரி, பழமும் சரி, நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. எவ்வளவு தின்றால் ஆபத்து என்பது நாய்க்கு நாய் மாறும். ஆகவே ஒன்றுகூட வேண்டாம். சாக்லேட்டும், சர்க்கரைக்குப் பதிலாக சைலிட்டால் சேர்த்த மிட்டாயும் சூயிங்கமும் இதைவிட அவசரமானவை. தின்றுவிட்டது தெரிந்தால் வாந்தி வரும்வரை காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள்.

கடை உணவு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பையில் 'சீனியர்' என்று பெரிதாக அச்சிட்டிருப்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பு வகுத்த சத்து அளவுகளில் குட்டிக்கும் தாய்க்கும் ஒன்று, வளர்ந்த நாய்க்கு ஒன்று என இரண்டு பிரிவுகளே உண்டு. முதுமைக்கென்று தனிப் பிரிவு இல்லை. அந்தப் பெயரில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றியதை விற்கலாம். பின்பக்கத்தில் கொழுப்பு எவ்வளவு, புரதம் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் நம்முடையது. திறந்த பையில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும், கொழுப்பு சிக்கு வாடை வீசும். பூஞ்சை நஞ்சு கல்லீரலைத் தாக்கும். ஒரு மாதத்துக்குள் தீரும் அளவே வாங்கி, பையோடு அப்படியே மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள். பல் வலிக்கிற நாய்க்கு வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவைத்துக் கொடுங்கள்.

ஆச்சி வீட்டுக்கு என்ன வழி சொன்னேன் என்று கேட்பீர்கள். ஒரு சின்ன டப்பா. காலையில் அன்றைய இடைத் தீனி முழுவதையும் அதில் போட்டு மூடிவிட வேண்டும். யாருக்குக் கொடுக்கத் தோன்றினாலும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். சாப்பாட்டுத் தட்டு ஒருவர் பொறுப்பு. மீனைக் குழம்பில் போடுவதற்கு முன்பே ஒரு துண்டைத் தனியாக வேகவைப்பதை ஆச்சி ஏற்றுக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரரைச் சமாளிப்பதுதான் கடினம். மணியின் டப்பாவிலிருந்து அவர் கையிலும் இரண்டு கேரட் துண்டு கொடுத்து வைத்தார்கள்.

இத்தனைக்குப் பிறகும் அடிக்கடி வயிறு கெட்டால் அதை வயதின் தலையில் போடாதீர்கள். சிறுநீரகம், கல்லீரல், கணையம், குடற்புழு, உண்ணிக் காய்ச்சல் ஆகிய எதுவும் வயிற்றுக் கோளாறாகவே முதலில் தலைகாட்டலாம். மலம் தார்போல் கறுத்தாலோ, இரத்தம் தெரிந்தாலோ, ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் கிடந்தாலோ, தண்ணீரை வழக்கத்துக்கு மீறிக் குடித்தாலோ, எடை குறைந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வெளிவராமல் தவித்தால் அது சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும் நிலை, நள்ளிரவானாலும் புறப்படுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று பாராசிட்டமாலோ வலி மாத்திரையோ கொடுத்துவிடாதீர்கள்; அவை நாய்க்கு நஞ்சாகலாம்.

மருத்துவமனைக்குப் போகும்போது அன்று காலை போட்ட மலத்தில் கொஞ்சம் சுத்தமான டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய தாளையும் கிழித்து எடுத்துப் போங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்ததும் அதில் எழுதியிருக்கட்டும். வணக்கம்.